லீன்னா எந்த லீ? ஒரே சர்நேம், ஒட்டும் இல்ல உறவும் இல்ல

2017 ஆகஸ்ட்ல அமெரிக்காவுல ஒரு கூத்து நடந்துச்சு. வர்ஜீனியா மாநிலத்துல சார்லட்ஸ்வில்னு ஒரு ஊரு, அங்க ஒரு பார்க்ல ராபர்ட் இ. லீயோட சிலை. உள்நாட்டுப் போர்ல அடிமை முறைய விடமாட்டோம்னு பிரிஞ்சு போன தென் மாநிலங்களுக்காக படை நடத்துன தளபதி அவரு. சிலைய எடுக்கணும்னு ஒரு பக்கம், தொடக்கூடாதுன்னு இன்னொரு பக்கம், கடைசியில கலவரமாகி ஒரு பொண்ணோட உயிரே போச்சு. இது நடந்து கொஞ்ச நாள்ல அதே ஊர்ல ஒரு காலேஜ் ஃபுட்பால் மேட்ச் இருந்துச்சு, அதுக்கு டிவியில கமென்ட்ரி சொல்லப் போட்டிருந்த ஆளு ஆசிய வம்சாவளிக்காரர், அவரு பேரும் ராபர்ட் லீ. சேனல்காரங்களுக்கு வயித்துல புளியக் கரைச்சிருச்சு, அவர வேற ஊரு மேட்ச்சுக்கு மாத்திவிட்டுட்டாங்க. அப்புறம் நெட்ல விழுந்து விழுந்து சிரிச்சாங்க.

ஏன் சிரிப்பு வருதுன்னா, தளபதியோட லீக்கும் கமென்டேட்டரோட லீக்கும் இங்கிலீஷ் ஸ்பெல்லிங்க தவிர ஒரு சம்பந்தமும் கிடையாது. ஒரு லீ, பழைய இங்கிலாந்துல காட்டுக்கு நடுவுல இருந்த வெட்டவெளி. இன்னொரு லீ, கிழக்கு ஆசியாவோட ஒரு பழமரம். ரெண்டும் ஆயிரம் வருஷத்துக்கு மேல ஒண்ண ஒண்ணு தெரியாமலே வளர்ந்து, கடைசியில ஒரே மூணு எழுத்துக்குள்ள வந்து உக்காந்துருச்சு.

நமக்கு இது புரியறது ஒண்ணும் கஷ்டமில்ல, ஏன்னா தமிழ்ல ஆறுன்னு ஒரு வார்த்தை இருக்கு. தண்ணி ஓடற ஆறு, அஞ்சுக்கு அடுத்த ஆறு, சூடு தணியறதச் சொல்ற ஆறு. மூணையும் ஒரே மாதிரி எழுதறோம்கறதுக்காக நதிக்கும் நம்பருக்கும் சொந்தம்னு யாரும் சொல்றதில்ல. ஆனா அதுவே சர்நேம்னு வந்துட்டா மட்டும் நம்ம மூளை வேற மாதிரி வேலை செய்யுது, ஒரே சர்நேம்னா ஏதோ ஒரு காலத்துல ஒரே குடும்பமா இருந்திருப்பாங்கன்னு தானாவே முடிவு கட்டிருது. அந்த முடிவு எவ்வளவு தப்பா போகும்னு காட்டறதுக்கு லீய விட நல்ல உதாரணம் எனக்குத் தெரிஞ்சு இல்ல, அதனால அத வெச்சே பாத்துருவோம்.

முதல்ல சீனா. அங்க இந்தப் பேரு ஒரு எழுத்து, அவ்வளவுதான், மேல பாதி மரம்ங்கற குறி, கீழ் பாதி குழந்தைங்கற குறி. ரெண்டும் சேர்ந்தா பிளம் மரம், பிளம் பழம். மாண்டரின்ல 'லி'ன்னு குரல கொஞ்சம் கீழ இறக்கி ஏத்தி சொல்லணும். சீனாவுல ரொம்ப அதிகமா இருக்கற சர்நேம்கள்ல வாங் முதல்ல, லி அடுத்தது, ரெண்டுமே தலா 10 கோடிப் பேருக்கு மேல. அதாவது சீனாவுக்குள்ள இருக்கற லிக்கள மட்டும் தனியா பிரிச்சு ஒரு நாடாக்குனாலே அது உலகத்தோட பெரிய நாடுகள்ல ஒண்ணா இருக்கும்.

ஏன் பிளம்? அதுக்கு ஒரு பழங்கதை சொல்றாங்க. ஷாங் வம்சத்தோட கடைசி ராஜா கொடுங்கோலன், அவன்கிட்ட நீதி அதிகாரியா இருந்த ஒருத்தர் அவன் கோபத்துக்கு ஆளாகி செத்துப் போறாரு, அவரோட பையன் உயிருக்குத் தப்பி ஓடறான், வழியில பசியில சாகக் கிடந்தப்ப ஒரு மரத்துல இருந்த பிளம் பழத்த சாப்பிட்டுப் பிழைச்சான். அதுவரைக்கும் அந்தக் குடும்பத்தோட பேரு நீதி அதிகாரிய குறிக்கற வேற ஒரு எழுத்து, சத்தம் என்னமோ அதே 'லி'தான், உயிரக் காப்பாத்துனதுக்காக எழுத்த பிளமா மாத்திக்கிட்டாங்களாம். கதைதான், சரித்திரம்னு எடுத்துக்க வேண்டாம், ஆனா ஒரு விஷயத்த கவனிங்க: சீனாவுக்குள்ளயே சத்தம் ஒண்ணு எழுத்து வேறங்கற சங்கதி அந்தக் கதையிலயே இருக்கு.

சரித்திரம்னு சொல்லக்கூடியது டாங் வம்சம். 618ல ஆரம்பிச்சு 907 வரைக்கும் சீனாவ ஆண்டவங்க, அவங்க குடும்பப் பேரு லி. போர்ல ஜெயிச்சுக் கொடுத்த தளபதி, விசுவாசமா இருந்த மந்திரி, பக்கத்து இனத்துத் தலைவன், இவங்களுக்கெல்லாம் பரிசா காசு நிலத்தோட சேர்த்து 'இனிமே நீயும் லி'ன்னு ராஜா தன்னோட பேரையே தூக்கிக் கொடுத்துருவாரு. அத விடப் பெரிய மரியாதை அப்ப கிடையாது. அதுக்கு முன்னாடி, 496ல, வடக்க ஆண்ட வேய் வம்சத்தோட ராஜா சியாவ்வென், தன்னோட சியான்பேய் இனத்து ஆளுங்க எல்லாம் நீட்டு நீட்டுப் பேர விட்டுட்டு சீனப் பேரா வெச்சுக்கணும்னு உத்தரவு போட்டாரு, அதுல சில குடும்பங்க லியா மாறுச்சு. ஆக அந்த 10 கோடிப் பேரும் ஒரே தாத்தா வழி வந்தவங்கன்னு நினைச்சீங்கன்னா அங்கயே முதல் அடி சறுக்கிருச்சு. ராஜா கொடுத்தது, உத்தரவால வந்தது, நிஜமாவே வம்சமா வந்தது எல்லாம் கலந்துதான் இன்னிக்கு இருக்கற லி.

இந்த ஒரு எழுத்து சீனாவ விட்டு வெளிய போனதும் ஆளுக்கொரு மாதிரி ஸ்பெல்லிங் ஆயிருச்சு. சீன அரசாங்கத்தோட முறைப்படி எல் ஐ. ஹாங்காங்லயும் சிங்கப்பூர்லயும் பெரும்பாலும் எல் ஈ ஈ. அதனாலதான் ஜெட் லி ஒரு மாதிரி, ப்ரூஸ் லீ ஒரு மாதிரி. ரெண்டு பேரு பேரையும் சீன எழுத்துல எழுதுனா சர்நேம் அதே பிளம் மரம்தான்.

அடுத்தது கொரியா. அதே சீன எழுத்து அங்கயும் போச்சு. ஆனா இப்ப தென் கொரியாவுல ஒருத்தர் தன்னோட பேரு லீன்னு இங்கிலீஷ்ல எழுதறாரே, அவரு ஊர்ல அவர எப்படி கூப்பிடுவாங்க தெரியுமா? 'இ'. வெறும் இ. கொரிய எழுத்துல ஒரு வட்டம், பக்கத்துல ஒரு நேர்கோடு, முடிஞ்சுது. அந்த வட்டத்துக்கு அந்த இடத்துல சத்தமே கிடையாது, எழுத்து காலியா இருக்கக்கூடாதுன்னு வெச்சது. வார்த்தையோட ஆரம்பத்துல ல, ர சத்தம் வந்து, பின்னாடி இ மாதிரி உயிர் வந்தா முன்னாடி இருக்கற சத்தம் உதிர்ந்து போறது தென் கொரியப் பேச்சோட பழக்கம். வட கொரியாவுல அத உதிர விடல, அங்க 'ரி'. கிம் ஜாங் உன்னோட மனைவி பேரு ரி சோல் ஜு, அந்த ரி இதேதான். தென் கொரியாவோட முதல் ஜனாதிபதி சிங்மன் ரீ, 1392ல ஜோசன் ராஜ்ஜியத்த ஆரம்பிச்ச யி சாங் கே, ஜப்பான் கப்பல் படைய ஓட ஓட விரட்டுன யி சுன் சின், சாம்சங் ஆரம்பிச்ச லீ பியுங் சல். ரீ, யி, லீ, ரி எல்லாம் எழுத்தளவுல ஒரே பேரு! இங்கிலீஷ்ல மட்டும் படிக்கறவனுக்கு நாலு வேற வேற சர்நேம். இதுவும் இந்தக் கதையோட மறுபக்கம்தான், ஒரே ஸ்பெல்லிங் வேற வேற பேரா இருக்கலாம்கற மாதிரியே வேற வேற ஸ்பெல்லிங் ஒரே பேராவும் இருக்கலாம்.

தென் கொரியாவுல 2015 கணக்கெடுப்புப்படி கிட்டத்தட்ட 73 லட்சம் பேருக்கு இந்தப் பேரு, மக்கள்தொகையில 14.7 சதவீதம், கிம்முக்கு அடுத்த இடம். இவங்க எல்லாரும் சொந்தமான்னா அதுவும் இல்ல. அங்க சர்நேமோட 'போன்க்வான்'னு ஒண்ணு உண்டு, அதாவது அந்தக் குலம் எந்த ஊர மூலமா சொல்லிக்குதுங்கறது. ஜியோஞ்சு லீ வேற, க்யோங்ஜு லீ வேற. சர்நேமும் மூல ஊரும் ஒண்ணா இருந்தா கல்யாணமே பண்ணக்கூடாதுன்னு சட்டம் இருந்துச்சு, ஆயிரம் தலைமுறை தள்ளிப்போன சொந்தமா இருந்தாலும் சரி. 1997லதான் அங்க அரசியல் சாசன நீதிமன்றம் அது செல்லாதுன்னு சொல்லுச்சு. இதுல ஒரு வேடிக்கை என்னன்னா, பழைய காலத்துல அடிமைங்களுக்கும் ஏழை ஜனங்கள்ல நிறைய பேருக்கும் சர்நேமே கிடையாது. 1894 சீர்திருத்தத்துல சாதி அடுக்க ஒழிச்சாங்க, 1909ல எல்லாரும் பதிவு பண்ணணும்னு சட்டம் வந்துச்சு, அப்ப பேரு இல்லாதவங்க எல்லாம் பேரு எடுத்துக்கணும்ல, எடுக்கறதுதான் எடுக்கறோம் கெத்தா இருக்கற பேரா எடுப்போம்னு கிம், லீ, பார்க்னு நிறைய பேர் எடுத்துக்கிட்டாங்க. நான் அந்த இடத்துல இருந்திருந்தா நானும் அதத்தான் பண்ணியிருப்பேன்.

வியட்நாம்லயும் அதே எழுத்து போயி 'லீ' ஆச்சு. அந்தக் கதை கொஞ்சம் தனி ரகம், அத கடைசியில வெச்சுக்கறேன்.

இப்ப அப்படியே உலகத்தோட அந்தப் பக்கம் வாங்க, இங்கிலாந்து. பழைய இங்கிலீஷ்ல 'லேயா'ன்னு ஒரு வார்த்தை இருந்துச்சு, காட்ட வெட்டித் திருத்துன இடம், மரங்களுக்கு நடுவுல இருக்கற புல்வெளி, அந்த மாதிரி அர்த்தம். ஊர் ஊரா இந்தப் பேருல இடங்க இருந்துச்சு. 1066ல நார்மன்காரங்க இங்கிலாந்த பிடிச்சதுக்கு அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா சர்நேம் பழக்கம் வேரூணுச்சு, 'அந்த வெட்டவெளிக்கிட்ட இருக்கானே ஜான், அந்த ஜான்'னு கூப்பிட ஆரம்பிச்சு, அது அப்பன் பேருல இருந்து பையனுக்கு ஒட்டிக்கிச்சு. ஒரே இடத்துல இருந்து பரவுன பேரு இல்ல இது, எங்கெல்லாம் வெட்டவெளி இருந்துச்சோ அங்கெல்லாம் தனித்தனியா முளைச்சது. ஸ்பெல்லிங்கும் அவனவன் இஷ்டம்: எல் ஈ ஈ, எல் ஈ ஏ, எல் ஈ ஐ ஜி எச். கடைசி ஸ்பெல்லிங்ல இருக்கற ஜி எச்ச இப்ப யாரும் உச்சரிக்கறதில்ல, ஒரு காலத்துல தொண்டையில இருந்து வந்த சத்தத்தோட எலும்புக்கூடு அது.

இந்த லேயா தனியா மட்டும் இல்ல, வேற பேருங்களோட வாலாவும் இருக்கு. ஆஷ்லி, ஆஷ் மரம் இருந்த வெட்டவெளி. பிராட்லி, அகலமான வெட்டவெளி. ஸ்டான்லி, கல்லு கிடந்த வெட்டவெளி. இங்கதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச ஒரு தற்செயல். ஸ்பைடர்மேன உருவாக்குனவங்கள்ல ஒருத்தரான ஸ்டான் லீ, இவரு எந்த லீயும் இல்ல. 1922ல நியூயார்க்ல, ருமேனியாவுல இருந்து வந்த யூதக் குடும்பத்துல பிறந்தவரு, பேரு ஸ்டான்லி மார்ட்டின் லீபர். காமிக்ஸ் எழுத வந்தப்ப முதல் பேர ரெண்டா உடைச்சு ஸ்டான், லீன்னு புனைபேரா போட்டுக்கிட்டாரு, அப்புறம் சட்டப்படியே அத சர்நேமாக்கிட்டாரு. அவரு வெட்டுன இடத்தப் பாருங்க. ஸ்டான்னா கல்லு, லின்னா வெட்டவெளி, ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி எந்த இடத்துல ரெண்டு வார்த்தைய ஒட்டுனாங்களோ கரெக்டா அந்த தையல்லயே பிரிச்சுட்டாரு. வம்சம்னு பாத்தா இங்கிலாந்து லீக்கும் இவருக்கும் துளி சம்பந்தம் இல்ல, வேர்ச்சொல்லுன்னு பாத்தா அவரோட லீ அசல் இங்கிலாந்து லீதான்.

அயர்லாந்து லீ வேற. அது ஐரிஷ் மொழியில ஓ லீன்னு கிட்டத்தட்ட அந்த மாதிரி சத்தத்துல வர்ற ஒரு பேரு, 'லீ'ன்னா அங்க பாட்டு, கவிதை. கவிதைக்காரன் வம்சம்னு வெச்சுக்கலாம். ஆனா மேற்கு அயர்லாந்துல இந்தக் குடும்பம் புகழ் பெத்தது பாட்டுல இல்ல வைத்தியத்துல, ஓ ஃப்ளாஹர்ட்டிங்கற தலைவர்களுக்கு தலைமுறை தலைமுறையா வைத்தியரா இருந்திருக்காங்க. இங்கிலீஷ்காரங்க ஆட்சியில ஐரிஷ் பேரெல்லாம் இங்கிலீஷ் காதுக்குத் தகுந்த மாதிரி மாறுனப்ப இதுவும் லீ ஆயிருச்சு. ஆக அயர்லாந்துல இருந்து ஒரு லீ வந்தாருன்னா அவரு கவிதையா வெட்டவெளியான்னு பேர மட்டும் பாத்து சொல்லவே முடியாது.

நார்வே லீ இன்னும் சூப்பர். அங்க மலைச்சரிவுக்கு 'லீ'ன்னு பேரு, சரிவுல இருந்த பண்ணையோட பேரு அங்க இருந்தவங்களுக்கு சர்நேமாச்சு. ஆனா அவங்க எழுதறது எல் ஐ ஈ. ஐ.நா.வோட முதல் பொதுச் செயலாளர் ட்ரிக்வே லீ இந்தக் கூட்டம்தான், 1946ல பதவிக்கு வந்தவரு. இங்கிலீஷ்காரன் அந்த ஸ்பெல்லிங்கப் பாத்தா என்ன படிப்பான்? 'லை', அதாவது பொய். மிஸ்டர் பொய்னு கூப்பிட்டா யாருக்குத்தான் பிடிக்கும், அதனால அமெரிக்காவுக்குக் கப்பலேறிப் போன நார்வேக்காரங்கள்ல பல பேர் எல் ஈ ஈன்னு மாத்திக்கிட்டாங்க. கணக்குல மேல் படிப்பு படிச்சவங்களுக்கு இன்னொரு பேரு ஞாபகம் வரும், சோஃபஸ் லீ, 1842ல பிறந்த நார்வே கணிதமேதை, லீ குரூப்னு அவரு பேருல ஒரு துறையே இருக்கு. முதல் தடவ புத்தகத்துல பாக்கற ஸ்டூடன்ட்ஸ் முக்காவாசிப் பேர் அத 'லை குரூப்'னுதான் படிப்பாங்க, வாத்தியார் திருத்துவாரு.

இப்ப இந்த ஆறுகள் எல்லாம் வந்து கலக்கற கடல் ஒண்ணு இருக்குல்ல, அமெரிக்கா. அங்க 2010 கணக்கெடுப்புல லீங்கற சர்நேம் 21வது இடம், சுமார் 6.9 லட்சம் பேர். அதுல கிட்டத்தட்ட 42 சதவீதம் ஆசியர்கள், 36 சதவீதம் வெள்ளைக்காரங்க, 16 சதவீதம் கறுப்பினத்தவங்க. லீன்னு மட்டும் தெரிஞ்ச ஒருத்தர நேர்ல பாக்கறதுக்கு முன்னாடி அவரு எப்படி இருப்பாருன்னு கண்ணுல கொண்டு வரவே முடியாது. டைரக்டர்கள்லயே பாருங்க, ஆங் லீ தைவான்ல பிறந்தவரு, ஸ்பைக் லீ கறுப்பின அமெரிக்கர்.

கறுப்பினத்தவங்களுக்கு இந்தப் பேரு எப்படி வந்துச்சுன்னா, அடிமையா இருந்தப்ப சட்டத்தோட கண்ணுல அவங்களுக்கு சர்நேமே இல்ல, 1865ல விடுதலை கிடைச்சு, 1870 கணக்கெடுப்புலதான் அவங்கள்ல பெரும்பாலானவங்க பேரு முதல் தடவ ஏறுது. எல்லாரும் கடைசி எஜமான் பேரத்தான் எடுத்துக்கிட்டாங்கன்னு பொதுவா சொல்வாங்க, அது முழுசும் சரி இல்ல. சிலர் எடுத்தாங்க, சிலர் பல தலைமுறைக்கு முந்தின எஜமான் பேர குடும்ப அடையாளமா வெச்சிருந்தாங்க, சிலர் தாங்களே பிடிச்ச பேரா தேர்ந்தெடுத்தாங்க. அதனால ஒரு கறுப்பின லீ குடும்பத்துக்கும் வர்ஜீனியா லீ குடும்பத்துக்கும் தொடர்பு இருக்கலாம், சுத்தமா இல்லாமலும் போகலாம்.

சீனர்கள் பக்கம் இன்னும் சிக்கல். 1882ல அமெரிக்கா சீனத் தொழிலாளிங்க வரக்கூடாதுன்னு சட்டமே போட்டுச்சு. வியாபாரி, மாணவன் மாதிரி சிலருக்கு விலக்கு இருந்துச்சு, அதோட அமெரிக்கக் குடிமகனோட பிள்ளைன்னா உள்ள வரலாம். 1906ல சான் ஃபிரான்சிஸ்கோ பூகம்பமும் தீயும் வந்து பிறப்புப் பதிவேடெல்லாம் சாம்பலாச்சு. அவ்வளவுதான், அங்க இருந்த சீனர்கள் பல பேர் 'நான் இங்கயே பிறந்தவன், பதிவு எரிஞ்சு போச்சு, ஊர்ல எனக்கு நாலு பசங்க'ன்னு சொல்ல ஆரம்பிச்சாங்க. இல்லாத பசங்களோட இடத்த காசு வாங்கிட்டு வேற குடும்பத்துப் பசங்களுக்கு வித்தாங்க. பேப்பர் பிள்ளைங்கன்னு அவங்களுக்குப் பேரு. அதிகாரி கேள்வி கேப்பான்னு வீட்டுக்கு எத்தனை ஜன்னல், கிணறு எந்தப் பக்கம்னு எல்லாம் மனப்பாடம் பண்ணிட்டு வருவாங்க. உள்ள வந்ததுக்கு அப்புறம் வாழ்நாள் முழுக்க வாங்குன பேருலதான் இருக்கணும். அதனால அமெரிக்காவுல ஒரு சீன லீ குடும்பம் நிஜத்துல வோங்காவோ சின்னாவோ கூட இருக்கலாம், வீட்டுக்குள்ள மட்டும் அசல் பேரு தெரியும்.

இந்த இடத்துல ஒரு கட்டுக்கதைய உடைச்சுட்டுப் போயிரலாம். நியூயார்க் எல்லிஸ் தீவுல குடியேற்ற அதிகாரிங்க வாயில நுழையாத பேரையெல்லாம் இஷ்டத்துக்கு வெட்டி எழுதிட்டாங்கன்னு நிறைய குடும்பத்துல கதை சொல்வாங்க. நடைமுறை அப்படி இல்ல. பயணிகள் பட்டியல் கப்பல் கிளம்பற துறைமுகத்துலயே தயாராயிரும், எல்லிஸ் தீவு ஆளு அத வெச்சு சரிபாக்கறதுதான் வேலை, மொழி தெரிஞ்சவங்களும் கூட இருப்பாங்க. பேர மாத்துனது பெரும்பாலும் அந்தந்த மனுஷங்களே, வேலை கிடைக்கணும், ஸ்கூல்ல புள்ளைய கிண்டல் பண்ணக்கூடாது, இப்படி வாழ்க்கைப் பாடுதான் காரணம்.

சரி, இதெல்லாம் ஏன் நடக்குது, ஏன் லீக்கு மட்டும் இவ்வளவு பேரு வரிசையில நிக்கறாங்க? முக்கியமான காரணம், பேரு ரொம்பச் சின்னது. ஒரு மெய், ஒரு உயிர், அவ்வளவுதான். ல சத்தமும் ஈ சத்தமும் உலகத்துல ஏகப்பட்ட மொழியில உண்டு, ரெண்டையும் சேர்த்தா ஏதோ ஒரு அர்த்தம் எங்கயாவது வந்தே தீரும். தமிழ்ல 'மா'ன்னு ஒரே எழுத்த எடுத்துக்கங்க, மாமரம், பெரிய, விலங்கு, நில அளவுன்னு எத்தனை அர்த்தம் வந்து மேல ஏறியிருக்கு. ஒரே மொழிக்குள்ளயே இப்படின்னா ஆயிரக்கணக்கான மொழிக்கு நடுவுல கேக்கவே வேணாம். இதுவே பாபடோபுலோஸ் மாதிரி ஒரு கிரேக்க சர்நேம், இல்ல ராதாகிருஷ்ணன் மாதிரி ஒரு பேரு, தற்செயலா இன்னொரு கண்டத்துல முளைக்குமா? முளைக்காது. பேரு எவ்வளவு நீளமோ அவ்வளவுக்கு தற்செயல் குறையும், ரெண்டு ராதாகிருஷ்ணன் ரெண்டு நாட்டுல இருந்தா ரெண்டு பேரும் ஒரே மரபுல இருந்துதான் அந்தப் பேர எடுத்திருக்காங்கன்னு தைரியமா சொல்லலாம்.

இன்னொரு காரணம் ரோமன் எழுத்து. அது ஒரு புனல் மாதிரி, மேல அகலமா எத ஊத்துனாலும் கீழ சின்ன ஓட்டை வழியாத்தான் வரும். சீனத்துல குரல் ஏத்த இறக்கம் முக்கியம், அது மாறுனா வார்த்தையே வேற. பிளம் மரத்து 'லி' தவிர வேற எழுத்துல, வேற ஏத்த இறக்கத்துல சொல்ற 'லி'ன்னு தனி சர்நேம்களும் சீனாவுல இருக்கு. ரோமன்ல எழுதறப்ப அந்த ஏத்த இறக்கக் குறிய யாரும் போடறதில்ல, எல்லாம் ஒரே சாக்குல விழுந்துருது. இந்தப் புனல்ல பேரு போயி அடையாளமே மாறுறதுக்கு கொரியாவோட பார்க் நல்ல சாட்சி. அதோட சத்தம் 'பாக்', நடுவுல ர கிடையவே கிடையாது. பிரிட்டிஷ் இங்கிலீஷ்ல பார்க்குன்னு எழுதி 'பாஆக்'னுதான் சொல்வாங்க, ஆ சத்தத்த நீட்டிக் காட்ட ஆர் போட்டு எழுதுனது அப்படியே நின்னுருச்சு. நாம அந்த ஸ்பெல்லிங்கப் பாத்து தமிழ்ல ர போட்டு எழுதறோம், நானே மேல அப்படித்தான் எழுதியிருக்கேன் பாருங்க. கொரியக் கதைப்படி இந்தப் பேரு ஆரம்பிச்சது சில்லாங்கற பழைய ராஜ்ஜியத்தோட முதல் ராஜாகிட்ட, அவரு சுரைக்காய் மாதிரி இருந்த முட்டையில இருந்து வந்தவரு, சுரைக்காய்க்கு அங்க பாக்னு பேரு. ஆப்பிரிக்காவுல நைஜர் நதியத் தேடிப் போன ஸ்காட்லாந்துக்காரர் மங்கோ பார்க்கோட பார்க், நிஜமாவே வேலி போட்ட பூங்கா, வேட்டைக்காடு.

லீ மாதிரியே இன்னும் பல பேரு இருக்கு. கில்: பஞ்சாபுல ஜாட் குலத்தோட பேரு, சுப்மன் கில் ஞாபகம் வருவாரு. வட இங்கிலாந்துல வைக்கிங்குங்க விட்டுட்டுப் போன வார்த்தையில இருந்து வந்த கில்லுக்கு ஒடுங்கின பள்ளத்தாக்குன்னு அர்த்தம். மான்: ஜெர்மன்ல மனுஷன், பஞ்சாபுல அதுவும் ஒரு குலம். லாங்: இங்கிலீஷ்ல நெட்டையன், சீனத்துல டிராகன்.

ஆனா ராய் மட்டும் தனியா நின்னு பேச வேண்டிய கேஸ், ஏன்னா அது இதுவரைக்கும் சொன்ன கணக்க கொஞ்சம் குழப்பும். வங்காளத்து ராய், ராம்மோகன் ராய்ல வர்ற ராய், ராஜாங்கற சமஸ்கிருத வார்த்தையில இருந்து தேய்ஞ்சு வந்தது. பிரெஞ்சு ராய், கனடா கியூபெக்ல நிறைய பேருக்கு இருக்கு, அதுவும் ராஜாதான், லத்தீன் 'ரெக்ஸ்'ல இருந்து. நிஜ ராஜா குடும்பம்னு இல்ல, திருவிழா நாடகத்துல ராஜா வேஷம் போட்டவனுக்கும் பந்தாவா நடந்தவனுக்கும் ஒட்டுன பட்டப்பேரு. ஸ்காட்லாந்து ராய், ராப் ராய்னு ஒரு பேரு பெத்த ஆளு இருந்தாரே, அது கேலிக் மொழியில சிவப்பு, செம்பட்டை முடிக்காரன். மூணும் வேற வேற இடத்துல பிறந்த சர்நேம், ஆனா வங்காள ராயும் பிரெஞ்சு ராயும் முழு அந்நியர்கள் இல்ல. சமஸ்கிருத ராஜனும் லத்தீன் ரெக்ஸும் பல ஆயிரம் வருஷத்துக்கு முந்தின ஒரே தாய்மொழி வார்த்தையோட ரெண்டு பிள்ளைங்கன்னு மொழியியல்காரங்க நிரூபிச்சிருக்காங்க. அதாவது வார்த்தைக்கு ரத்த சம்பந்தம் உண்டு, குடும்பத்துக்குக் கிடையாது. ஸ்காட்லாந்து ராய்க்கு ரெண்டுமே இல்ல. சர்நேம் ஒற்றுமைய பாக்கறப்ப இந்த ரெண்டையும் தனித்தனியா கேக்கணும், வார்த்தை சொந்தமா, ஆளு சொந்தமான்னு. பல பேர் ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்கறது இங்கதான்.

உங்களுக்கு ஒரு சர்நேம் மேல ஆர்வம் வந்து தேடறீங்கன்னா இங்கிலீஷ் ஸ்பெல்லிங்கோட நிக்காதீங்க, குடும்பம் அந்தப் பேர கடைசியா எந்த எழுத்துல எழுதுச்சு, வீட்டுல எப்படி உச்சரிச்சாங்கன்னு பிடிங்க. ஒரு பழைய கல்லறைக் கல்லுல இருக்கற சீன எழுத்து நூறு இங்கிலீஷ் சர்டிபிகேட்ட விட அதிகம் சொல்லும். பேப்பர் பிள்ளைங்க குடும்பங்கள்ல கூட கல்லறைக் கல்லுல அசல் சீனப் பேரு இருந்து, பேரப்பசங்க அதப் பாத்துத்தான் விஷயமே தெரிஞ்சுக்கிட்டது உண்டு. சர்நேம் போட்டா குடும்பச் சின்னம் அச்சடிச்சுத் தர்ற கடைங்க ஆன்லைன்ல இருக்கு, அத மட்டும் நம்பிடாதீங்க, ஒரு கொரிய லீக்கும் இங்கிலாந்து கேடயத்த அச்சடிச்சுக் கொடுத்துருவாங்க.

கடைசியா சொல்றேன்னு வெச்சிருந்த வியட்நாம் கதை. 1009ல இருந்து 1225 வரைக்கும் வியட்நாம ஆண்டது லீ வம்சம், அதே பிளம் மர எழுத்து. அவங்கள தள்ளிட்டு ட்ரன் வம்சம் வந்துச்சு. 1232ல புது ராஜாங்க ஒரு உத்தரவு: எங்க தாத்தா பேருல லீன்னு வருது, பெரியவங்க பேர மத்தவங்க வெச்சுக்கறது மரியாதை இல்ல, அதனால லீன்னு சர்நேம் இருக்கறவன் எல்லாம் இனி நுயென்னு மாத்திக்கணும். மரியாதைங்கறது சாக்கு, பழைய ராஜ வம்சத்தோட பேரே ஜனங்க வாயில வரக்கூடாதுங்கறது நோக்கம். இன்னிக்கு வியட்நாம்ல கிட்டத்தட்ட மூணுல ஒருத்தராவது நுயென்னு இருக்காங்களே, அதுக்கு இருக்கற பல காரணத்துல இதுவும் ஒண்ணு.

ஆனா அதுக்கு ஆறு வருஷம் முன்னாடி, 1226ல, லீ லாங் துவாங்னு ஒரு இளவரசர் ஆபத்து வருதுன்னு தெரிஞ்சு ஆளுங்களோட கப்பலேறி வடக்க போயிட்டாரு. கரை சேர்ந்த இடம் கொரியா. அங்க இருந்த கோர்யோ ராஜா அவர ஏத்துக்கிட்டு நிலமும் பட்டமும் கொடுத்தாரு, பின்னால மங்கோலியர்கள் படையெடுத்தப்ப அவங்கள எதிர்த்து சண்டை போட்டாருன்னும் அந்தக் குலத்தோட வம்சாவளி புத்தகம் சொல்லுது. ஹ்வாசான் லீன்னு அவங்களுக்குப் பேரு. அதே சீன எழுத்து, அதே வட்டமும் கோடும், ரோட்டுல போற எந்தக் கொரிய லீக்கும் இவங்களுக்கும் வெளிய வித்தியாசமே தெரியாது, மூல ஊர கேட்டாத்தான் தெரியும். 1990கள்ல இந்தக் குலத்து ஆளுங்க வியட்நாம் போயி ஹனோய் பக்கத்துல இருக்கற லீ ராஜாக்கள் கோயில்ல, எழுநூத்தி சொச்சம் வருஷம் கழிச்சு, முன்னோருக்கு மரியாதை செஞ்சுட்டு வந்தாங்க. சொந்த ஊருல துடைச்சுப் போட்ட பேர, பேச்சே புரியாத ஊருல இருந்து அவங்கதான் திரும்பக் கொண்டு வந்தாங்க.